மேலே காய்ந்த சேறு

என் ஓரகத்தியும் நானும் சில வருஷங்கள் பேசிக்கொள்ளாமல் இருந்தோம். காரணம் ஒரு கிணறு. எங்கள் மாமனார் வெட்டியது. அவர் போன பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேரும் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றை எப்படிப் பிரிப்பது? ஒருநாள் அவர்கள் முறை, மறுநாள் எங்கள் முறை என்று வைத்துக்கொண்டார்கள்.

நான் உடையார்பாளையம் பக்கத்து முந்திரிக்காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பத்தாவது முடித்திருந்தேன். எங்கள் ஊர் செம்மண், மழை பெய்தாலும் காலில் ஒட்டாது. அரியலூரை அடுத்த புகுந்த ஊரின் கரிசல், ஒரு தூறலுக்கே செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வந்த புதிதில் வரப்பில் நடக்கத் தெரியாமல் நான் விழுந்தபோதெல்லாம் கைகொடுத்துத் தூக்கியவள் ஓரகத்திதான். உயரமானவள், வேலையில் புயல், குரல் இரண்டு வயல் தாண்டிக் கேட்கும்.

ஒரு வருஷம் மிளகாய் பூவெடுத்த சமயத்தில் எங்கள் முறையன்று தண்ணீர் இறைக்கிற இன்ஜின் கெட்டுப்போனது. மறுநாள் அவர்கள் முறையில் பாதியை விட்டுத்தரச் சொல்லிக் கேட்டோம். அவள் முடியாது என்றாள். அவளுக்கும் மிளகாய் நின்றது. எங்கள் செடி வாடிப் பூவைக் கொட்டியது. நான் வரப்பில் நின்று பேசினேன், அவளும் பேசினாள். திரும்ப எடுத்துக்கொள்ள முடியாத சொற்கள் இரண்டு பக்கமும் விழுந்தன. ஊர் நின்று கேட்டது. அதோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு என்னைத் திட்ட வேண்டுமென்றால் தன் எருமையிடம் சொல்லுவாள். நான் கேட்க வேண்டும் என்பதற்காக எருமையைக் கொஞ்சம் எங்கள் வீட்டுப் பக்கமாகவே கட்டினாள்.

இந்தச் சண்டையெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே கிழக்கே சுண்ணாம்புக்கல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சுரங்கம் என்று சொன்னபோது மலையைக் குடைந்து உள்ளே போவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அது வாயைத் திறந்து கிடந்த குழி. ஒவ்வொரு வருஷமும் அதன் வாய் அகன்றது, அடி கீழே போனது. மத்தியானம் சங்கு ஊதும், அடுத்து வெடி போடுவார்கள், அடுக்களையில் தட்டு குலுங்கும். ஊரில் எல்லோரும் அதை மைன்ஸ் என்பார்கள். மைன்ஸ் கீழே இறங்க இறங்க எங்கள் கிணறும் இறங்கியது. தூர் வாரினோம். இன்னும் ஆழம் வெட்டினோம். அடியில் கிளிஞ்சல் பதிந்த கல் வந்தது, தண்ணீர் வரவில்லை. ஒரு கோடையில் கிணற்றின் அடியில் தவளை கத்துகிற அளவுகூட ஈரம் இல்லை.

அதே கோடையில் மைன்ஸ் குழியிலிருந்து பகல் முழுக்க மோட்டார் வைத்துத் தண்ணீரை வெளியே தள்ளினார்கள். அது எங்கள் ஓடையில் வந்து விழுந்தது. பாலில் சாம்பலைக் கரைத்த மாதிரி இருக்கும். தண்ணீர்தானே என்று ஆசைப்பட்டு வயலுக்குப் பாய்ச்சியவர்கள் உண்டு. பாய்ச்சிய இடமெல்லாம் அந்த வெள்ளைக் களி அப்பளம்போலப் பொருக்குக் கட்டிக்கொண்டது. விதைத்த கொத்தமல்லி அந்தப் பொருக்கைத் தள்ளிக்கொண்டு மேலே வர முடியாமல் மண்ணுக்குள்ளேயே வெளுத்துச் செத்தது. மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பின.

ஊர் திரண்டு மைன்ஸ் ஆபீசுக்குப் போனது. மேனேஜர் எல்லோரையும் உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, மழை பொய்த்ததால்தான் கிணறுகள் வற்றின என்று விளக்கியிருக்கிறார். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அன்றைக்கு எழுந்து கேட்டாராம்:

“மழை இல்லாமத்தான் எங்க கெணறு வத்துச்சுன்னா, அதே மழை இல்லாம உங்க குழியில மட்டும் எப்படி சார் ஊறுது?”

மேனேஜர் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றச் சொன்னாராம். மோரைக் குடித்துவிட்டு வந்தார்கள்.

பிறகு லாரிப் பாதையில் உட்கார்ந்தார்கள். சமைத்து எடுத்துக்கொண்டு பெண்களும் போனோம். கடைசியில் தாசில்தார் வந்து சமாதானம் பேசினார். குழித் தண்ணீரை நேராக ஓடையில் விடமாட்டார்கள், தொட்டி கட்டித் தெளியவைத்துத்தான் விடுவார்கள், தொட்டிக்கு நிலம் கொடுக்கிற வீடுகளுக்கு வேலை உண்டு என்று முடிவானது. தொட்டிக்குத் தோதான பள்ளம் ஓடையோரம் இருந்த எங்கள் நிலம்தான். இரண்டு வீட்டு நிலமும் போனது. நடுவில் இருந்த கிணற்றை மைன்ஸ் மண் கொண்டுவந்து தூர்த்தார்கள். அன்றைக்கு நான் ஒரு கரையில் நின்றேன், ஓரகத்தி எதிர்க்கரையில் நின்றாள். இனிமேல் சண்டை போடவும் எங்களுக்கு எதுவும் இல்லை. லாரி மண்ணைக் கொட்டிவிட்டுப் போனதும் அவள் என்னைப் பார்த்து, “போச்சா?” என்றாள். “போச்சுக்கா” என்றேன். அப்படித்தான் மறுபடி பேச்சு தொடங்கியது.

என் வீட்டுக்காரருக்குக் குழிக்குள் மோட்டார் பார்க்கிற வேலை. அவர் அண்ணன், என் மூத்தாருக்கு மாட்டு வண்டி இருந்தது, அதை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஓரகத்தியும் நானும் இன்னும் இரண்டு பெண்களும் தொட்டி வேலைக்குப் போனோம்.

மூன்று தொட்டிகள், ஒன்றுக்கடுத்து ஒன்று. குழியிலிருந்து வரும் தண்ணீர் வாய்க்காலில் ஓடிவரும்போதே படிகாரம் கரைத்த தண்ணீரை அதில் கலக்க வேண்டும். கட்டி கட்டியாக மூட்டையில் வரும் படிகாரத்தை உடைத்து, பீப்பாயில் கரைத்து, துளி துளியாக விடுவது எங்கள் வேலை. முதல் தொட்டியில் களி பஞ்சு பஞ்சாகத் திரண்டு அடியில் இறங்கும். இரண்டாவதில் மிச்சம் இறங்கும். மூன்றாவதிலிருந்து வழிகிற தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். கையில் சின்னக் கீறல் இருந்தாலும் படிகாரம் சுரீரென்று பிடிக்கும். எத்தனை கழுவினாலும் போகாது. வீட்டில் பிசைந்து வைத்த சோற்றில் துவர்ப்பு தட்டுகிறது என்று பிள்ளைகள் முகம் சுளிக்கும்.

கெமிஸ்ட் ஒருவர் இருந்தார், வெளியூர்க்காரர், சின்ன வயது. கண்ணாடிக் குடுவையில் கலங்கல் தண்ணீரை எடுத்து, படிகாரத்தை விட்டுக் கலக்கி, களி இறங்குவதை எங்களுக்குக் காட்டுவார். அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. என் நிலத்தைத் தின்ற தொட்டி என்று தெரிந்தும் பிடித்திருந்தது. இதைக் குடிக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். மண்தான் போயிருக்கிறது, கரைந்திருக்கிற சுண்ணாம்பும் உப்பும் அப்படியே இருக்கின்றன, குடிக்காதீர்கள் என்று சொன்னார். உண்மையைச் சொன்னார். ஆனால் கிணறு வற்றிய ஊர் வேறு எதைக் குடிக்கும்? ஓடையில் ஊற்றுத் தோண்டி அந்தத் தண்ணீரைத்தான் எடுத்தார்கள். பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. பானையில் வெள்ளையாகப் படியும். எங்கள் கிணற்றில் ஊறவேண்டிய தண்ணீர் அவர்கள் குழியில் ஊறி, எங்கள் நிலத்தில் கட்டிய தொட்டியில், எங்கள் கையால் படிகாரம் போட்டுத் தெளிந்து, எங்களுக்கே தானம் மாதிரி வந்தது. பொங்கலுக்கு மேனேஜர் பேசும்போது, ஊருக்குச் சுத்தமான நீர் வழங்குவதாகச் சொன்னார். கைதட்டினோம்.

மெட்ராசிலிருந்து பெரிய அதிகாரிகள் பார்க்க வருவதாக ஒருமுறை சொன்னார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் திருமழபாடிப் பக்கம் கொள்ளிடத்தில் பிடித்த மீன்களை அண்டாவில் தண்ணீரோடு கொண்டுவந்து மூன்றாம் தொட்டியில் விட்டார்கள். வந்தவர்கள் மீன் நீந்துவதைப் பார்த்து மகிழ்ந்தார்கள். ஒருவர் பொரி வாங்கிவரச் சொல்லித் தூவினார். அவர்கள் கார் அரியலூர் ரோட்டைப் பிடிக்கும் முன்பே சூப்பர்வைசர் வலை போடச் சொன்னார். அன்று விருந்தினர் விடுதியில் மீன் குழம்பு. ஓரகத்தி என்னிடம், “நம்ம தொட்டியில மொளச்ச மீனுடி, நமக்கு ஒரு துண்டு குடுத்தானுவளா பாரு” என்றாள். அன்றைக்குச் சிரித்தோம்.

விஷயம் முதல் தொட்டியில் இருந்தது. களியெல்லாம் அங்கேதான் இறங்கும், அது நிறைந்துகொண்டே வரும். அதே மாதிரி இன்னொரு தொட்டி பக்கத்தில் கட்ட வேண்டும், ஒன்றைக் காயவிட்டு வாரும்போது மற்றதில் தண்ணீர் விட வேண்டும் என்பதுதான் திட்டம் என்று கெமிஸ்ட் சொல்லியிருந்தார். அந்த இன்னொரு தொட்டி கட்டப்படவே இல்லை. அவரும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். தொட்டி நிறைந்ததும், பக்கவாட்டில் ஒரு குழாய் போட்டுக் கலங்கல் தண்ணீரை நேராக ஓடைக்கே திருப்பினார்கள். அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் தொட்டி வழியாக விடுவார்கள். எங்களுக்கு வேலை குறைந்தது. ஓடை மறுபடி வெளுத்தது. ஊர் மறுபடி ஆபீசுக்குப் போனது. இந்த முறை மோர் இல்லை.

தண்ணீர் விடாமல் கிடந்த முதல் தொட்டி சித்திரை வெயிலில் காய்ந்தது. மேலே பாளம் பாளமாக வெடித்து, களத்துமேடு மாதிரி கெட்டியாகத் தெரிந்தது. நாய்கள் குறுக்கே ஓடின. அந்தச் சமயத்தில் மறுபடி அதிகாரிகள் வருவதாகத் தகவல் வந்தது. அன்று எங்களுக்கு வார விடுமுறை நாள். சூப்பர்வைசர் ஊருக்குள்ளேயே வந்து நாலு பெண்களையும் கூப்பிட்டார். நடுவில் மேடாக நிற்கிற களியை வாரிக் கரையில் கொட்டி, தொட்டியில் பள்ளம் தெரிகிறமாதிரி செய்துவிட்டால் போதும் என்றார். அடியில் ஈரம் இருக்குமே என்று நான் கேட்டேன். காய்ந்து மாசக்கணக்காகிறது, மாடு ஏறினாலும் தாங்கும் என்று சொல்லிவிட்டு அவர் ஆபீசுக்குப் போய்விட்டார்.

கரையோரமாகவே வாரிக்கொண்டிருந்தோம். அங்கே தாங்கியது. மண்வெட்டியால் கொத்தினால் மேல்பாளம் தனியாக வரும், அதன் கீழே தயிர் மாதிரி இருக்கும். நடுவுக்குப் போகவேண்டாம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். ஆனால் ஓரகத்திக்கு வேலையை இழுத்துக்கொண்டு நிற்பது பிடிக்காது. சீக்கிரம் முடித்துவிட்டுப் போனால் வீட்டில் சோறாக்கலாம் என்று கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். சத்தமே இல்லை. ஒரு பாளம் ஒருபக்கமாகச் சாய்ந்தது, அவள் இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டாள். முதலில் அவளுக்கே சிரிப்புதான் வந்தது. காலை எடுக்கப் பார்த்தாள். எடுக்க எடுக்க இறங்கினாள்.

கூட இருந்த பெண்கள் ஆள் கூப்பிட ஓடினார்கள். படிகாரம் உடைக்கிற இடத்தில் கிடந்த பலகையைப் பாளத்தின்மேல் போட்டு, அதில் குப்புறப் படுத்து ஊர்ந்து போனேன். அவள் கையைப் பிடித்தேன். அப்போது களி அவள் மார்புக்கு வந்திருந்தது. பலகை என்னோடு சேர்ந்து மெல்லச் சாய்ந்தது. அவள் என்னைப் பார்த்து, எந்தப் பதற்றமும் இல்லாமல் சொன்னாள்:

“கைய வுடுடி. நீயும் உள்ள வந்துடுவ.”

நான் விடவில்லை. ஆனால் அந்தக் களி எண்ணெய் மாதிரி. பிடித்திருந்த கை வழுக்கி வழுக்கி விரல்களுக்கு வந்தது, விரலும் போனது. லாரிக்காரர்கள் கயிறோடு வந்து என்னைக் காலைப் பிடித்து இழுத்தார்கள். அவளைப் பிறகுதான் எடுத்தார்கள். கல் லாரியிலேயே போட்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவள் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் களியை விரலால் எடுத்துக்கொண்டே போனேன். அவள் வழியிலேயே போய்விட்டாள் என்று டாக்டர் சொன்னார். எனக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

சாவு வீட்டில் அழுகை அடங்குவதற்குள் ஒரு கதை வந்துவிட்டது. அன்று விடுமுறை, யாரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை. எருமைக்குப் புல்லறுக்க அவளாகத் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறாள். மைன்ஸ் சொன்ன கதை அது. காரியம் முடிவதற்கு முன்பே மூத்தார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் பொதுவாக என் எதிரில் உட்கார்ந்து பேசமாட்டார். அன்றைக்கு வாசற்படியிலேயே உட்கார்ந்தார். பெரிய மகனுக்கு மைன்சில் நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். புல்லறுக்கப் போனாள் என்று தான் எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார்.

“நீ மாத்திச் சொல்லிடாதம்மா. போனவ போயிட்டா. இருக்கறவன் பொழைக்கணும்ல.”

“அக்காவ சூப்பர்வைசர் வந்து கூட்டிட்டுப் போனாரு மாமா. நீங்களும்தான வாசல்ல நின்னீங்க?”

“நின்னேன்” என்றார். “நின்னதுனால எனக்கு என்ன கெடச்சுது?”

என் வீட்டுக்காரர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் போனபிறகும் அவர் என்னிடம் சாட்சி சொல் என்று சொல்லவில்லை. சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

விசாரணை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. வருவாய்க் கோட்ட அதிகாரி, ஆர்.டி.ஓ. வந்திருந்தார். கூட வேலை செய்த இரண்டு பெண்களும், தாங்கள் அன்று வீட்டில் இருந்ததாகச் சொன்னார்கள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் வீட்டிலும் அந்த ஒரு வேலைதான் இருந்தது. என் முறை வந்தபோது நடந்ததை நடந்தபடி சொன்னேன். சூப்பர்வைசர் வந்தது, மாடு ஏறினாலும் தாங்கும் என்றது, பலகை, அவள் கை. ஆர்.டி.ஓ. குறுக்கிடாமல் கேட்டார். பிறகு மைன்ஸ் தரப்பில் ஒருவர் எழுந்தார். இந்த அம்மாவுக்கும் இறந்தவருக்கும் கிணற்றுத் தகராறில் நெடுநாள் பகை, வரப்பில் நின்று கேவலமாகத் திட்டிக்கொண்டதற்கு ஊரே சாட்சி, இப்போது அந்தக் குடும்பத்துப் பையனுக்குக் கிடைக்கிற வேலையைக் கெடுக்கத்தான் இப்படிச் சொல்கிறார் என்றார்.

ஆர்.டி.ஓ. ஊர்க்காரர்களைப் பார்த்து, பகை இருந்தது உண்மையா என்று கேட்டார். உண்மைதானே. எல்லோரும் ஆமாம் என்றார்கள். மூத்தாரைக் கேட்டார். அவரும் ஆமாம் என்றார்.

அவ்வளவுதான். அவள் என்னை வரப்பில் எழுப்பி நிறுத்தியதை, தூர்ந்த கிணற்றங்கரையில் போச்சா என்று கேட்டதை, மீனுக்குச் சிரித்ததை எல்லாம் யாரிடம் போய்ச் சாட்சியாக வைப்பது? எழுதியதைப் படித்துக் காட்டி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். புல்லறுக்கப் போனவள் தவறி விழுந்தாள் என்றே முடிந்தது.

எனக்குத் தொட்டி வேலை போனது. சில வாரங்களில் என் வீட்டுக்காரரையும், மோட்டார் பார்க்க ஆள் தேவையில்லை என்று நிறுத்தினார்கள். நிலம் இல்லை, கிணறு இல்லை, அண்ணன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும். பெரம்பலூருக்கு வந்துவிட்டோம். அவர் ஒரு ரைஸ்மில்லில் சேர்ந்தார். சத்துணவு வந்தபோது, பத்தாவது படித்திருந்ததால் ரஞ்சன்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு அமைப்பாளர் வேலை கிடைத்தது. அங்கே அடிபம்பில் வந்த தண்ணீரில் பருப்பு வெந்தது. முதல் நாள் அது வெந்து குழைந்ததைப் பார்த்துக்கொண்டு அடுப்பருகில் நின்றேன். ஆயா என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

அவள் செத்த கொஞ்ச நாளிலேயே கட்டாமல் விட்ட அந்த இன்னொரு தொட்டியைக் கட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். சுற்றிலும் கம்பி வேலி, எச்சரிக்கைப் பலகை, களியை வாரத் தனி இயந்திரம். அத்தனை வருஷம் முடியாதது, அவள் போனதும் முடிந்தது. ஓடையில் நல்ல தண்ணீர்தான் போகிறதாம்.

எண்பதுகளின் கடைசியில் ஓரகத்தியின் பெரிய மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மூத்தார் பத்திரிகை வைக்க வரவில்லை, பையனே பெரம்பலூருக்கு வந்தான். அம்மாவின் உயரம், அம்மாவின் பெரிய குரல். காப்பி கொடுத்தேன். எந்த இடத்தில் வேலை என்று கேட்டேன். தொட்டிதான் சித்தி, இப்ப நான்தான் அதுக்கு இன்சார்ஜ் என்றான். படிகாரத்தை எல்லாம் இப்போது மோட்டார் கலக்கிவிடும், கைவைக்க வேண்டியதில்லை என்று விவரமாகச் சொன்னான். கொஞ்சநேரம் கழித்து, அம்மா அன்றைக்குப் புல்லறுக்கப் போகாமல் இருந்திருக்கலாம் என்றான்.

எனக்குத் தாங்கவில்லை. கல்யாணப் பத்திரிகை மடியில் இருக்கும்போது சொல்லவேண்டிய பேச்சில்லை அது. ஆனாலும் சொன்னேன்.

“உங்கம்மா புல்லறுக்கப் போகலடா. சூப்பர்வைசர் வந்து கூப்பிட்டுத்தான் போனா. நான் பக்கத்துல இருந்தேன்.”

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். அதிர்ச்சி எதுவும் முகத்தில் இல்லை.

“தெரியும் சித்தி. அப்பவே தெரியும். சித்திரை மாசம் காஞ்சு கெடந்த தொட்டியில ஏது புல்லு? தெரிஞ்சுதான் வேலைக்குப் போனேன். தம்பி தங்கச்சிய யாரு படிக்க வைக்கறது? என்ன செஞ்சிருக்கணும்னு சொல்லுங்க.”

அவன் கீழே வைத்த டம்ளரை நான் எடுத்துக்கொண்டேன். அவன் எழுந்து, கல்யாணத்துக்கு அவசியம் வரவேண்டும், தாய் ஸ்தானத்தில் நின்று நீங்கள்தான் நலங்கு வைக்க வேண்டும் என்றான். அரியலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டான். தெருமுனை வரைக்கும் கூடப் போனேன். பஸ் வந்து அவன் ஏறும்வரை பக்கத்தில் நின்றேன்.